மழையில் நனைவோம் என்று ஒரு பிரமாணப் பத்திரம்

1. சட்டையில் விழுந்த ஆதாரம்

சாவித்திரி அக்கா வீட்டுக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்று, நான் ஆபீஸில் யாரோ ஒருவர் வீட்டு நாய்க்கூண்டுக்கு ப்ளான் வரைந்துகொண்டிருந்தேன். ஃபோன் வந்தது.

"சேகர் தம்பி, எங்க வீட்டுல அனுமதியில்லாம கூரை போட்ட கட்டடம் இருக்காம். பதினஞ்சு நாள்ல நாங்களே இடிக்கணுமாம். இல்லன்னா அவுக வந்து இடிப்பாகளாம். அது எந்தக் கட்டடம்னு கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லுதீகளா? நானும் காலையில இருந்து வீட்டச் சுத்திச் சுத்தித் தேடுதேன்."

நான் புனேயில், தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் டிராஃப்ட்ஸ்மன் படித்து, ஜோஷி சார் என்ற ஆர்க்கிடெக்டிடம் சேர்ந்து, வரைந்த ப்ளானுக்கு அனுமதி வாங்கித் தருவதையே முப்பது வருடம் வேலையாகப் பார்த்து ஓய்வு பெற்றேன். இதற்கு லையசனிங் என்று பெயர். வீட்டில் கேட்டால் "ஆபீஸ் ஆபீஸாகப் போய் நிற்கிற வேலை" என்பார்கள். அதுவும் சரிதான். நான் போய் நின்ற ஆபீஸ் எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள், ஃபார்ம்தான் பொல்லாதது.

கடைசிப் பத்து வருடங்களில் எனக்கு ஒரு புது வகை வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் விளையாட இடம் கட்டுகிறவர்கள். ஹடப்சரில் ஒரு ஐ.டி. தம்பி, சுவரில் தொற்றி ஏறிப் பழக ஒரு செயற்கைப் பாறை கட்டினார். ஆபீஸில் அதைக் காம்பவுண்ட் சுவர் என்று சொல்லி, உயரம் அதிகம் என்று பாதியை வெட்டச் சொன்னார்கள். இப்போது அவர் இரண்டே எட்டில் உச்சிக்குப் போய்விடுகிறார். இப்படி நிறையப் பார்த்தவன் என்ற தைரியத்தில்தான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

நோட்டீஸில் சொன்ன கட்டடம் வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஆறு இரும்புப் பைப். சுற்றிலும் நைலான் வலை, மேலேயும் நைலான் வலை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வலைமேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கா எச்சமிட்டது. அது ஒரு தடையும் இல்லாமல் வந்து என் சட்டையில் விழுந்தது. அப்போதே அந்தச் சட்டையை ஆதாரமாக எடுத்து வைத்திருக்க வேண்டும். துவைத்துவிட்டேன்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கோவில்பட்டிக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் காலேஜ் டீமில் பால் பேட்மின்டன் ஆடியவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மஞ்சள் கம்பளிப் பந்து, மர பேட், பக்கத்துக்கு ஐந்து பேர். நம் பக்கத்தில் பூப்பந்து என்பார்கள். கல்யாணமாகி புனேவுக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் சேலைக்கு நடுவே பேட்டையும் வைத்துக்கொண்டு வந்தாராம். இங்கே ஆட ஆளில்லை, இடமில்லை. மாமியார் அந்தப் பேட்டைக் கம்பில் கட்டி ஒட்டடை அடித்தார். முப்பத்துநான்கு வருடம் அது ஒட்டடைக் கம்பாகவே இருந்தது.

பிறகு ஒரு பொங்கல் விழாவில் திண்டுக்கல் ரோஸ்மேரியைப் பார்த்திருக்கிறார். அவரும் பள்ளிக்கூடத்தில் ஆடியவர். பேச்சுவாக்கில் இன்னும் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஐந்து பெண்கள், எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். தினமும் காலையில் ஒரு மணி நேரம், ஒரு பக்கம் மூன்று பேரும் மறுபக்கம் இரண்டு பேருமாக, அளவைக் குறைத்துப் போட்ட கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நகை வேணாம், காசி வேணாம் தம்பி. எனக்கு வேற ஆசை ஒண்ணும் கெடையாது. காலையில ஒரு மணி நேரம் இதுக்குள்ள நிக்கேன்ல, அப்ப மட்டுந்தான் என் பேரு சாவித்திரின்னு எனக்கே நெனப்பு வருது. இத இடிச்சுட்டா நான் மறுபடியும் சமையக்கட்டுக்குத்தான் போவணும்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "ஒண்ணும் ஆகாதுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தொழிலில் ஒருபோதும் சொல்லக்கூடாத வாக்கியம் அது.

2. ஆடாத பைப்

இவ்வளவுக்கும் காரணம் பக்கத்து வீட்டு மராத்திக்காரர், நானா என்று பெயர். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது. வேலையில் இருந்தபோது மற்றவர்கள் எழுதிய புகார்களைப் படித்துக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பிறகு தானே எழுதத் தொடங்கியிருந்தார். முதலில் வலை கிடையாது. பந்து தாண்டிப் போய், அவர் மாடியில் காயப் போட்டிருந்த அப்பளத்தில் விழுந்தது. "வலை கட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். கட்டினார்கள். "வலை கட்டியதால் எங்கள் வீட்டுக் காற்று தடைபடுகிறது" என்று ஆபீஸுக்கு எழுதினார்.

வலையைக் கட்டியது அக்காவின் வீட்டுக்காரர், சண்முகம் அண்ணன். என் அப்பா இருந்த அதே தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருந்தவர். அவருக்கு மெலிதாக ஒரு பொருளைச் செய்யத் தெரியாது. கம்பளிப் பந்து வெளியே போகாமல் இருக்க அவர் செய்திருந்த ஏற்பாட்டைப் பார்த்தால், உள்ளே யானையைக் கட்டப் போகிறாரோ என்று தோன்றும். ஒவ்வொரு பைப்பும் தடித்த இரும்பு, நாலடி ஆழத்துக்கு கான்கிரீட், அடியில் பேஸ் பிளேட், போல்ட்.

"ஏண்ணே, ஒரு வலைக்கு நாலு மூங்கில் போதாதா?" என்றேன்.

"காத்தடிச்சா?"

"காத்துல வலை ஆடத்தானே செய்யும்?"

"நான் செஞ்சது எதுவும் ஆடாது" என்றார் அண்ணன். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

மூங்கிலாக இருந்திருந்தால் தற்காலிகம் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இதைப் பார்க்கும் எந்த இன்ஜினியரும் நிரந்தரக் கட்டுமானம் என்றுதான் எழுதுவார். ஜூனியர் இன்ஜினியரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

3. இல்லாத கட்டம்

ஜூனியர் இன்ஜினியரை நாங்கள் ஜேஇ சாஹேப் என்போம். முப்பது வயதுக்குள், தங்கமான பையன். தமிழர்கள் எல்லோரையும் அண்ணா என்று கூப்பிடுவார். அவர் பேசியது மராத்தி. நான் தமிழாக்கி எழுதுகிறேன். மராத்தியிலும் இதே அளவு அர்த்தம்தான் இருந்தது.

"ஸ்ட்ரக்சரோட உபயோகம் என்ன, அண்ணா?"

"விளையாட்டு, சாஹேப்."

"குடியிருப்பு, கடை, தொழில், வழிபாடு, பார்க்கிங். இதுல எது?"

"எதுவும் இல்லை. விளையாட்டு."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அந்தக் கட்டம் இதுல இல்லை. ஏதாவது ஒரு கட்டத்துல டிக் பண்ணாம அடுத்த பக்கம் திறக்காது. பார்க்கிங்னு போடட்டுமா? அவங்ககிட்ட வண்டி இருக்கா?"

"இல்லை சாஹேப்."

"ஒரு வண்டி வாங்கிடச் சொல்லுங்களேன்."

உண்மையாகவே உதவி செய்யும் நோக்கத்தில்தான் சொன்னார். நான் பேச்சைக் கூரைக்குத் திருப்பினேன். "மேலே இருக்கறது கூரையே இல்லை சாஹேப். வலை. ஓட்டை."

"மூடியிருக்கா இல்லையா?"

"வலையால மூடியிருக்கு."

"நீங்களே மூடியிருக்குன்னு சொல்றீங்க."

"மழை நேரா உள்ளே விழும் சாஹேப்."

அவர் ஃபைலை எடுத்தார். "மழை விழும்னு பிரமாணப் பத்திரம் கொடுங்க. கூரை இல்லைன்னு எழுத எனக்கு ஒரு பிடிமானம் வேணும்."

அப்படியாக, என் தொழில் வாழ்க்கையில் நான் தயாரித்த ஆவணங்களிலேயே சிறந்த ஆவணத்தை ஸ்டாம்ப் பேப்பரில் டைப் செய்தேன். "மேற்படி வலையின் வழியாக மழைநீர் தங்குதடையின்றிக் கீழே விழும் என்றும், அவ்வாறு விழும்போது அடியில் நிற்பவர் நனைவார் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்." நோட்டரி வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "நனைவார்னா யார் நனைவார்? பேர் போடணும்." சாவித்திரி அக்கா பெயரைப் போட்டோம். ஜேஇ சாஹேப் படித்துவிட்டு, "இவங்க ஒருத்தர்தான் நனைவாங்களா? மத்தவங்க?" என்றார். மற்ற நான்கு பேரும் தனித்தனியாக, தாங்களும் நனைவதாகக் கையெழுத்துப் போட்டு இணைப்பாக வைத்தோம். ரோஸ்மேரி மட்டும், "எனக்கு சைனஸ் இருக்கே, நனைய மாட்டேனேப்பா" என்று தயங்கினார். நனையத் தேவையில்லை, நனைவதாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விளக்கிச் சொன்னேன்.

இனி ஜேஇ சாஹேப் நேரில் வந்து பார்த்தால் முடிந்தது. ஜூலை மாதம். தினமும் மழை.

"இப்போ பெய்யுது சாஹேப். வாங்க, பார்த்திடலாம்."

"மழையில சைட் விசிட் கிடையாது, அண்ணா. எங்களுக்கு ரெயின்கோட் இன்னும் வரலை."

மழை விட்ட ஒரு நாளில் வந்தார். அண்ணாந்து பார்த்தார். வானம் பளிச்சென்று இருந்தது. சண்முகம் அண்ணன் ஏணி வைத்து ஏறி, ரப்பர் குழாயால் வலைமேல் தண்ணீர் அடித்தார். கீழே நின்ற நாங்கள் எல்லோரும் நனைந்தோம். ஜேஇ சாஹேபும் நனைந்தார்.

"இது குழாய்த் தண்ணி" என்றார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நான் எழுத வேண்டியது மழைத் தண்ணியைப் பத்தி."

அன்று ஃபைலில் எழுதிவிட்டுப் போனது: "மழை விழுவது நேரில் காணப்படவில்லை."

4. என் மூளை வேலை செய்த நாள்

பதினைந்து நாளில் ஆறு நாள் பாக்கி. அக்கா தினமும் ஃபோன் செய்வார். ஆனால் கேட்க மாட்டார். "சும்மாத்தான் தம்பி, சாப்பிட்டீகளா?" என்பார். கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்த ஆபீஸில் அடுத்த கவுன்ட்டரில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. கணபதி மண்டபத்துக்கு அனுமதி கொடுக்கும் கவுன்ட்டர். புனேயில் பிள்ளையார் சதுர்த்திக்குச் சந்துக்குச் சந்து மண்டபம் போடுவார்கள். நாம் பந்தல் என்கிறோமே, அதுதான். அதற்கு ஒரே ஜன்னல், ஒரே ஃபார்ம், இரண்டே நாள். அனுமதிக் காலம் முடியும் வரை அதை யாரும் தொட மாட்டார்கள். எனக்குள் விளக்கு எரிந்தது. ஆறு பைப்பையும் வலையையும் மண்டபம் என்று எழுதிவிட்டால் செப்டம்பர் வரை தப்பிக்கலாம். அதற்குள் மேலே பேசி முறையான அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

ஜோஷி சாரிடம் சொன்னேன். அவர் ஸ்கேலை மேஜைமேல் வைத்தார். இங்கே பிள்ளையாரைச் செல்லமாகப் 'பாப்பா' என்பார்கள். "ஷேகர், பாப்பா பேரால பொய் எழுதாதே. மத்தப் பொய்யெல்லாம் ஃபைல்ல தூங்கும். இது எழுந்து நடக்கும்" என்றார்.

கேட்டேனா? கேட்கவில்லை. மண்டலின், அதாவது விழா நடத்தும் சங்கத்தின், பெயர் என்ற இடத்தில் 'பஞ்ச பகினி மித்ர மண்டல்' என்று எழுதினேன். பகினி என்றால் சகோதரி. தலைவர் சாவித்திரி, பொருளாளர் ரோஸ்மேரி. செயலாளர் என்ற இடத்தில் ஓர் ஆண் பெயரும் செல் நம்பரும் கேட்டார்கள். என் பெயரைப் போட்டேன். உபயோகம் என்ற கட்டத்தில் 'வழிபாடு' என்று டிக் செய்தேன். அடுத்த பக்கம் உடனே திறந்தது.

இரண்டாம் நாள் ஆர்டர் கையில் வந்தது. இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. நான் பேடா வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வழிபாடுன்னு போட்டிருக்கே தம்பி?"

"பேருக்குத்தான் அக்கா. நீங்க பாட்டுக்கு ஆடுங்க."

5. நானா தேங்காயோடு வந்தார்

ஆர்டரின் ஒரு பிரதியைக் கேட்டில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டினோம். நானா வந்து அதை முழுவதும் படித்தார். நான் அடுத்த புகாருக்குத் தயாரானேன். அவர் வீட்டுக்குப் போய், தேங்காயோடும் மனைவியோடும் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"பகினி! எங்க சந்துக்கு இதுவரைக்கும் சொந்தமா ஒரு மண்டல் கிடையாது. அடுத்த சந்து பாப்பா முன்னால இருபது வருஷமா கடைசி வரிசையில நிக்கறேன். நீங்க மதராஸ்ல இருந்து வந்து எங்களுக்குப் பாப்பாவைக் கொண்டுவர்றீங்க!"

கோவில்பட்டி மதராஸ் இல்லை என்று சொல்லும் நிலையில் அக்கா இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நானா சாயந்திரமே சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். நாலடிப் பிள்ளையாருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எல்லோருக்கும் தெரியும். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரே வந்து உட்கார்ந்தது எங்கள் ஃபைலில்தான்.

சதுர்த்தியன்று பிள்ளையார் தாரை தப்பட்டையோடு வந்தார். கோர்ட்டின் நட்ட நடுவில், அக்கா நின்று ஆடுகிற அதே இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். ரோஸ்மேரி கழுத்தில் சிலுவையோடு உட்கார்ந்து மோதகம் பிடித்தார். செயலாளர் என்ற முறையில் நான் மைக்குக்கு ஒரு அனுமதி, மின்சாரத்துக்கு ஒரு அனுமதி, ஊர்வலத்துக்கு ஒரு அனுமதி என்று வரிசை வரிசையாக நின்றேன். என் பொய்க்கு நானே லையசனிங் பார்த்தேன்.

இரண்டாம் நாள் ஆரத்தியின்போது மழை வந்தது. பிரமாணப் பத்திரத்தில் சொன்னபடியே தங்குதடையின்றி விழுந்தது. களிமண் பிள்ளையாரின் காது கரையத் தொடங்கியது. நானா ஓடிப் போய் ஒரு பெரிய நீலத் தார்பாலினைக் கொண்டுவந்தார். சந்துப் பையன்கள் ஏறி அதை வலைமேல் விரித்து இழுத்துக் கட்டினார்கள். நனையாது, ஆடாது என்று சண்முகம் அண்ணன் திருப்தியாகத் தலையசைத்தார்.

அதாவது, கூரை இல்லை என்று ஐந்து பெண்கள் சத்தியம் செய்த இடத்தில் இப்போது ஒரு கூரை இருந்தது. ஐந்தாம் நாள் ஜேஇ சாஹேப் குடும்பத்தோடு தரிசனத்துக்கு வந்தார். பிள்ளையாரோடு செல்ஃபி எடுத்தார். மேலே நீலமாகத் தார்பாலின் அதில் தெளிவாக விழுந்திருந்தது.

பத்து நாளும் ஆட்டம் இல்லை. ஒரு நாள் காலையில் போனபோது, அக்கா மடியில் பேட்டை வைத்துக்கொண்டு பிள்ளையார் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"நான் விளையாடத்தான் இடம் கேட்டேன் தம்பி. நீங்க சாமியக் கொண்டாந்து உக்கார வச்சிட்டீக. நோட்டீஸ் ஒட்டுனவுககிட்டன்னா சண்ட போடலாம். சாமிகிட்ட எந்திரிங்கன்னு எப்படிச் சொல்லுதது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. முப்பது வருட அனுபவம் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்த இடத்தில் செருப்பாலடித்த மாதிரி இருந்தது.

6. ஒரே கையெழுத்தில் இரண்டு காகிதம்

பிள்ளையாரைக் கரைத்து விசர்ஜனம் முடிந்தது. மூன்று நாளில் மண்டபத்தைப் பிரித்து ஃபோட்டோவோடு தெரிவிக்க வேண்டும் என்பது ஆர்டரில் கடைசி வரி. நாலடி கான்கிரீட்டில் நிற்கும் மண்டபத்தை எங்கே பிரிப்பது? தார்பாலினையாவது அவிழ்க்கலாம் என்றால் நானா விடவில்லை. "எங்க மண்டபத்துமேல யாராவது கை வைக்கட்டும்!" என்றார். அன்றே சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கி, மண்டபம் அங்கேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று ஆபீஸில் மனுக் கொடுத்தார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். டெபுடி இன்ஜினியர் ஒரு அம்மாள். ஐம்பதுக்கு மேல் வயது, குரலை உயர்த்தவே மாட்டார். அவர் முன்னால் ஃபைல் இருந்தது; இந்தப் பக்கம் நான், அக்கா, நானா. ஜேஇ சாஹேப் ஓரமாக நின்றார்.

"இதை இடிக்கணும்னு புகார் கொடுத்தது யார்?"

"நான்" என்றார் நானா.

"இடிக்கக்கூடாதுன்னு மனுக் கொடுத்தது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டுல எதை நான் வாசிக்கணும்?"

"கையெழுத்து ரெண்டுமே நல்லா இருக்கு, மேடம்" என்றார் நானா.

மேடம் பக்கத்தைத் திருப்பினார். நனைவோம் என்ற பிரமாணப் பத்திரத்தை ஆரம்பத்திலிருந்து இணைப்பு வரை நிதானமாகப் படித்தார். அதன் பக்கத்தில் ஜேஇ சாஹேபின் செல்ஃபி, பிரின்ட் எடுத்துச் சொருகியிருந்தது. ஃபைலுக்கு ஏதாவது புகைப்படம் வேண்டும் என்று அவரே வைத்தது.

"கூரை இல்லை, நனைவோம்னு ஐந்து பேர் சத்தியம். ஃபோட்டோவில் கூரை. ஒரு காகிதத்தில் விளையாட்டு, ஒரு காகிதத்தில் வழிபாடு. மண்டபம்னா நாலடி கான்கிரீட் எதுக்கு? இந்த மண்டலின் செயலாளர் யார்?"

எழுந்து நின்றேன். ஆர்க்கிடெக்ட் ஆபீஸின் பெயர் கெடும், இனி இந்த வாசலில் என்னை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் மனசில் ஓடியது. பக்கத்தில் அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வழிபாடுன்னு எழுதினது பொய், மேடம். அந்தப் பொய் என்னோடது, இவங்களோடது இல்லை. இவங்க விளையாட்டுக்குத்தான் கட்டினாங்க. விளையாட்டுக்கு உங்க ஃபார்ம்ல கட்டம் இல்லை. கட்டம் இருக்கிற இடமாப் பார்த்து நான் டிக் பண்ணிட்டேன்."

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ பாப்பாவை நீங்க கூப்பிடவே இல்லையா?" என்றார்.

"கூப்பிட்டது நீங்கதான், நானா."

மேடம் ஃபைலை மூடினார். "சைட்டைப் பார்க்கணும். இப்பவே" என்றார்.

7. குடையை மடக்கிய மேடம்

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மேடம் கோர்ட்டுக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நீலத் தார்பாலின்.

"இது கூரைதான்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அக்கா மராத்தியில் மெதுவாகச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாகக் காய்கறிக் கடையில் பேசிப் பழகிய மராத்தி.

"மேடம், நான் கூரை கேக்கலை. நான் விளையாடணும். அவ்வளவுதான்."

நானா அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளேயிருந்து எடுத்து வந்திருந்த பழைய பேட்டையும் பார்த்தார். பத்து நாளும் ஆரத்தி நேரத்தில் அந்தப் பேட் ஓரமாகச் சுவரில் சாய்ந்திருந்ததை அவரும் பார்த்திருப்பார். "ஏணி எங்கே?" என்றார்.

எழுபது வயதில் அவரே ஏறினார். சண்முகம் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தார்பாலின் ஒரு பக்கமாகச் சரிந்து, சேர்த்து வைத்திருந்த பழைய மழைத்தண்ணீர் முழுவதையும் ஜேஇ சாஹேப் தலையில் கொட்டியது. அவர் அன்றும் ரெயின்கோட் போடவில்லை.

மேலே வலை மட்டும் நின்றது. இடி இடித்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் செப்டம்பர் மழை மொத்தமாக இறங்கியது. நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம். மேடம் மட்டும் குடையோடு நடுவில் நின்றார். பிறகு குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. நரை முடி நெற்றியில் ஒட்டியது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

"நான் நனையறேனா?" என்று கேட்டார்.

"ஆமா, மேடம்" என்றார் ஜேஇ சாஹேப்.

"குழாய்த் தண்ணியா?"

"இல்லை, மேடம். மழை."

"அப்போ எழுதுங்க. வானம் பார்த்த இடம். கூரை இல்லை. இது மேலே தார்பாலின் உள்பட எதையும் எப்பவும் விரிக்கக்கூடாது."

"உபயோகம், மேடம்? கட்டம்..."

"பேனா இருக்கில்ல? கையால எழுதுங்க."

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. எல்லாம் டைப் செய்திருந்தது. உபயோகம் என்ற இடத்தில் மட்டும் நீல மையில், அவசரக் கையெழுத்தில், 'கேள்' என்று மராத்தியில் எழுதியிருந்தது. விளையாட்டு என்று அர்த்தம். முப்பது வருடத்தில் எத்தனையோ ஆர்டர் வாங்கியிருக்கிறேன். அந்த இடத்தில் அந்தச் சொல்லை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு, பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நடுவில் நின்றார். நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

8. அதற்குப் பிறகு

அடுத்த வருடம் பிள்ளையார் நானா வீட்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்தார். அதற்கு முறையாக, உண்மையாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் நானேதான். இன்றுவரை நான்தான். ராஜினாமாவை நானா ஏற்றுக்கொள்வதில்லை. எழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இப்போது அவர் காலையில் கோர்ட்டுக்கு வருகிறார். ஆறாவது ஆள் கிடைத்ததால் பக்கத்துக்கு மூன்று பேர் என்று சரியாகிவிட்டது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். எழுதிக் கொடுப்பேன் என்பார். "குடுங்க நானா, அதையும் ஃபைல்ல வச்சிருவோம்" என்று அக்கா அடுத்த பந்தைப் போட்டுவிடுவார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஃபார்மை எப்படி நிரப்புவது என்று என்னிடம் கேட்கிறார்கள். உண்மைக்குக் கட்டம் இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தில் பொய்யை டிக் செய்யாதீர்கள். அடுத்த பக்கம் திறக்கத்தான் செய்யும். அதிலிருந்து யார் இறங்கி வருவார் என்று உங்களுக்குத் தெரியாது. தனிக் காகிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். கொஞ்சம் நனைவீர்கள், அவ்வளவுதான்.